பைப் ஒன்று, துளை பார்த்தது

சிங்களப் பேப்பரில் சுற்றி
குழலை மட்டும் கொண்டுவந்தார் சார்ஜன்ட் குலதுங்க.
மிச்சமெல்லாம் ஸ்டேசனில் இருக்காம்.
"எங்கட பிரஸ் உடைஞ்சு மூன்று மாசம்.
வெள்ளிக்கிழமை ஒரு சவ அடக்கம், பென்சன் போன ஏ.எஸ்.பி.
ஏழு துவக்கு, மூன்று தரம் வெற்று வேட்டு.
ஆறு சரி. இது ஒருதரம் சுட்டு நின்றுவிடுது."
கடிதம் காட்டினார். றப்பர் முத்திரை கோணல்.

பஞ்சிகாவத்தையில் கழற்ற முடியாதது எதுவுமில்லை.
நேற்றுப் பின்னேரம் முழுசாய் ஓடிய வானை
இன்று காலை எட்டுக் கடையில் வாங்கலாம்.
எனக்கு இதுவும் இரும்பு:
குழலின் மேல் ஒரு வளையக் கட்டி,
குறுக்கே இரண்டு பின்,
துருவில் ஒட்டிக் கிடந்தன
கோபித்துக்கொண்டும் ஒரே வீட்டில் இருக்கிற ஆட்கள்போல.

மண்ணெண்ணெய் விட்டு, பிளேன்டீ குடித்து, காத்திருந்தோம்.

இந்தக் கட்டி எதுக்கு என்று கேட்டேன்.
மேசைத் தூசியில் விரலால் கீறிக் காட்டினார்,
பாதி என் சிங்களம், பாதி அவர் தமிழ்:
குண்டு முன்னுக்குப் போகும்.
பின்னால் வருகிற புகையில் கொஞ்சம்
சின்னத் துளையால் மேலே ஏறித்
திரும்பி வரும்.
தண்டைத் தள்ளும். வெறுங்கோது விழும்.
அடுத்தது வந்து இருக்கும்.

"அப்ப துளை சுடுகிறதுக்கு இல்லை."
"இல்லை. அடுத்ததுக்கு."

நிஸ்தார் றேடியோவைக் குறைத்தான்.

முதல் பின் நாலாவது அடியில் அசைந்தது.
மற்றதுக்குச் சுத்தியலை மாற்றி, சாமியையும் மாற்றிக் கூப்பிட்டேன்.
கட்டி கழன்ற இடத்தில் குழல் வெளிறியிருந்தது.
நடுவில் துளை. ஒரு கடுகு போகும்.

புதுக் கட்டியின் துளையும் அந்தத் துளையும்
ஒன்றையொன்று பார்க்கவேணும்.
பிசகினால் காற்று வராது,
அடுத்தது வராது.
ஒரு மயிரளவு போதும்.
முப்பத்தொரு வருசம் லேத்தில் நின்ற கைக்கு
மயிரளவு என்பது பெரிய இடம்.
ஒரு ஆள் அதுக்குள் உட்கார்ந்து யோசிக்கலாம்.
உட்கார்ந்தேன்.

பிறகு விளக்குமாற்றில் ஈர்க்கொன்று முறித்துத்
துளையில் விட்டேன். தட்டியது.
கட்டியைத் திருப்பி விட்டேன். போனது.

"ஊதிப் பார்," என்றார்.
குழலின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டார்.
நான் மற்றப் பக்கத்தில் வாயை வைத்தேன்.

தொண்ணூற்றாறில், ஆமர் வீதிச் சந்தியில்,
மழைக்குள் ஐ.சி.யைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையையும் தூக்கி நான் நின்றது
இப்போது அவர் பெருவிரல் இருக்கிற பக்கம்.
எத்தனை குழல் என்று அன்றைக்கு எண்ணவில்லை.
இலக்கமும் பார்க்கவில்லை.

ஊதினேன்.
மூச்சு குழல் நெடுகப் போய்
அவர் விரலில் முட்டி
துளையால் வெளியே வந்து
குனிந்து பார்த்த நிஸ்தாரின் கன்னத்தில் பட்டது.
"வருது பாஸ்!" சிரித்தான்.
அவனுக்குப் பத்தொன்பது.

புதுப் பின் இரண்டும் இறக்கி, துடைத்து,
ஆயிரத்து எண்ணூறு என்றேன்.
பற்றுச்சீட்டில் துவக்கு என்று எழுதக் கை வரவில்லை.
பைப் ஒன்று, துளை பார்த்தது.
வாசிக்காமல் மடித்துப் பொக்கற்றில் வைத்தார்.

அன்று முழுக்கத் தேத்தண்ணி இரும்பாய் இருந்தது.

சனிக்கிழமை திரும்பவும் வந்தார்.
ஏழும் மூன்று தரமும் சுட்டதாம்.
ஏ.எஸ்.பி.யின் மகள் ஒவ்வொரு வேட்டுக்கும் காதைப் பொத்தினாளாம்.
பழைய கட்டி கணக்கில் ஏறிவிட்டது,
பழைய பின் இரண்டும் வேணும்,
பதிவேட்டில் காட்ட.

பழைய பின் போடுகிற டின்னை நீட்டினேன்.
ஓட்டோப் பின், கேற்றுப் பின், மாவரைக்கிற மெசின் பின்,
கிறீசில் எல்லாம் ஒரே நிறம்.
டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
இரண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டி,
"இதுதான்," என்றார்.
கையெழுத்தும் போட்டார்.

ஒன்று மற்றதைவிட நீளம்.
நான் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.