இடம்புரி

பகலில் மோட்டார்.
செக்காலைச் சாலையில் என் கடைக்கு வருவதெல்லாம்
எரிந்த வாடையோடுதான் வரும்:
போர் மோட்டார், மாவு மில் மோட்டார்,
கல்யாண மண்டபத்து எக்ஸாஸ்ட் ஃபேன்.
கருகிய காயிலை அறுத்தெடுத்துப் புதுக்கம்பி சுற்றுவேன்.
திசை தப்பினாலும் பெரிய பாவமில்லை.
மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிக் கொடு,
தண்ணீர் தன்னால் மேலேறும்.

கடையடைத்த பிறகு தூண்டில் கம்பு.
இதில் மாற்றிக் கொடுக்க இன்னொரு வயர் கிடையாது.
நூலின்மேல் எபாக்ஸி ஊற்றி
விடிய விடியத் திருப்பிக் காயவைத்தால்
அது கல்.

உமையாள் கேட்டது விரால் கம்பு.
ஆறரை அடி. ரப்பர்த் தவளையை
அல்லி இலைகளுக்கு மேலே இழுக்க.
ரீல் மேலே உட்காரும். முதல் வளையமும் மேலே.
அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்து
நாலாவது வளையம் கம்பின் அடிவயிற்றுக்குப் போய்விடும்,
மீன் இழுக்கையில் கம்பு முறுக்கிக்கொள்ளாமலிருக்க.
வலப்பக்கம் சரிவதா, இடப்பக்கமா?

"பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு எந்தப் பக்கம்?"
"வலம்புரி."
"அப்ப அதையே வையுங்க சவரி."
நகைக்கடன் கவுன்டரில் மில்லிகிராம் பார்க்கிறவர்
இதை இப்படி எடைபோட்டுவிட்டுப் போனார்.

புதுச்சேரியில் கம்பு கட்டும் சிராஜுதீன் போனில் சொன்னது:
ரீலின் கைப்பிடி எந்தப் பக்கமோ
அதற்கு எதிர்ப்பக்கம் சரி.
உமையாள் ரீலுக்கு இடக்கைப்பிடி.
ஆக, வலம்.
சிராஜுதீனும் பிள்ளையாரும் ஒரே கட்சி.

மூன்று வளையம் கட்டினேன். கருநீல நூல்,
ஓரத்தில் ஏழு சுற்று செம்பு நிறம்.
வளையத்தின் காலில் நூல் ஏறும் இடத்தில்
மயிரிழை இடைவெளி விழும்,
நகத்தால் தள்ளித் தள்ளி மூடவேண்டும்.
மூடினேன்.

சனிக்கிழமை பார்க்க வந்தார்.
ரீலை மாட்டி, முனையில் அரை இஞ்ச் நட்டைக் கட்டி
கடைக்குப் பின்னால் சந்தில் நிறுத்தினேன்.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு என்று
ஓடும் ஒரே வீட்டின் மதில்.
எறிந்தார்.

நான் நட்டைப் பார்க்கவில்லை.

வலக்கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.
முழங்கை விலாவோடு ஒட்டியே கிடக்க
மணிக்கட்டு மட்டும் உருண்டது,
பூட்டில் சாவி போல,
உள்ளங்கை மண்ணைப் பார்க்கும்வரை.
ரீலின் கைப்பிடி தரைக்குப் போனது.
நான் வலப்பக்கம் இறக்கிய வளையங்கள் வானத்துக்கு ஏறின.
கம்பில் நூல் உரசியது.
பேரிங் போன மோட்டாரைத்
தெருமுனையிலிருந்தே கேட்கிற காது எனக்கு.

"நல்லாப் போகுதே" என்றார்.
மறுபடி எறிந்தார். மறுபடி அதே முழங்கை.
எப்படி ஆச்சு என்று நான் கேட்கவில்லை.
அவரும் நட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டே
சாக்கோட்டைப் பக்கத்துக் கண்மாயைப் பற்றிப் பேசினார்,
ஆகாயத்தாமரை மூடிவிட்டதாம்,
பங்குனிக்குள் கம்பு வேண்டுமாம்.

அவர் போனதும் பிளேடு.
மூன்றையும் அறுத்தேன். கருநீலம்
செம்புக் குப்பையில் சுருள்சுருளாய் விழுந்தது.
சைக்கிள் டியூபில் பட்டை வெட்டி
வளையங்களை இடப்பக்கம் சரித்துக் கட்டி,
முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு
அதே சந்தில் தனியாக எறிந்து பார்த்தேன்.
பால்காரர் வண்டியை நிறுத்தி
ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் போனார்.
உரசல் இல்லை.

அன்று ராத்திரியே கட்ட உட்கார்ந்தேன்.
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தால்
எனக்குக் கோணலாகத்தான் தெரிந்தது.
கட்டினேன்.

வாங்கிப்போக வந்தவர் கம்பைத் திருப்பினார்.
"இது வலமா?"
"இடம்."
"பிள்ளையாரு?"
"அவரு மீன் பிடிக்கிறதில்ல."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நின்று
தன் வலத்தோளைப் பார்த்தார்.
நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.
நூல், இரண்டு சுருள்.
கூலி, ஒரு தரம்.

என் பேனாவை வாங்கி
ஒன்றை அடித்து
இரண்டு என்று எழுதினார்.