நீலக் கூடை

பேர்ன் மாநில அவையில்
புர்க்டோர்ஃப்காரருக்காகக் கையுயர்த்தும் ரெகூலா ஏஷ்லிமான்
காலாண்டுக்கு ஒரு கடிதம் எழுதுவா.
இந்தமுறை தமிழிலும் வேணுமாம்.
காசு இல்லை, ஒரு பெட்டி அப்பிள் உண்டு.
ஆஸ்பத்திரிச் சலவை ஆலையில்
டொச் வாசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று
யாரோ சொல்லிவிட்டார்கள்.

இரவு பத்தரைக்குக் குசினி மேசையில்
முதல் பந்தியிலேயே முட்டிக்கொண்டேன்.
'அழைப்பின் பேரில் வேலை' என்று எழுதி
வெட்டினேன்.
அழைப்பென்றால் எங்களுக்கு
நாலு மூலையும் மஞ்சள் பூசி
வீடு தேடி வந்து தட்டில் வைத்துத் தருவது.
அழையா வீட்டில் நுழையாத ஆட்கள் நாங்கள்.
இதுவோ
விடிய ஐந்தே காலுக்குத் தலையணைக்குக் கீழே அதிரும்.
வா என்னும்.
சப்பாத்துக் கயிறு கட்டி முடியுமுன்
வேண்டாம், இன்று துணி குறைவு என்னும்.
இதற்குத் தமிழில் என்ன சொல்?

ஏஷ்லிமான் கேட்டது பெரிதில்லை.
வேலை நாளைப் பதினாலு நாள் முந்திச் சொல்.
முதல்நாள் மாலைக்குப் பிறகு வேண்டாமென்றால்
அரைநாள் கூலி கொடு.
மடிக்கும் கூடத்தில் சூடு முப்பத்தைந்து பாகை தாண்டினால்
மணிக்குப் பத்து நிமிடம் இருக்க விடு.
அந்த மூன்றாவது வரிக்குள்
போன ஆடியில் நீராவி உருளையடியில் விழுந்த
லூர்தெஸ் இருக்கிறாள், பெயரில்லாமல்.
அவளுடைய பல் உடைந்தது கடிதத்தில் இல்லை.
வெள்ளிக்கிழமையே அவள் வேலைக்குத் திரும்பியதும் இல்லை.

இரண்டாம் பக்கம் நிகழ்ச்சிகள்.
எம்மெ ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கல்,
சனி ஒன்பது மணி, கையுறை தரப்படும்.
தேவாலய மண்டபத்தில் பூசணி சூப்.
பழைய சைக்கிள் திருத்தும் நாள், காற்றுப்பம்பு கொண்டுவரவும்.
'வேலையிடத்தில் உங்கள் உரிமைகள்',
வியாழன் ஏழு மணி,
பிள்ளைகளைப் பார்க்க ஆள் உண்டு.

போனமுறை அந்த வியாழனுக்கு
நாற்பது கதிரை போட்டிருந்தா.
வந்தது ஏழு பேர்.
ஏழு இருபதுக்கு மூன்று போன் அதிர்ந்தது,
இரவு வேலைக்கு ஆள் போதாதாம்.
எழும்பிப் போனோம். நானும்தான்.
அழைப்பைப் பற்றிய கூட்டத்திலிருந்து
அழைப்பு வந்து போனோம்.
கதவடியில் திரும்பிப் பார்த்தேன்.
மிச்ச நாலு பேருக்கும்
மைக்கைப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தா.

கடைசிப் பந்தி வாக்கெடுப்பு.
எழுபத்தெட்டுக்கு எழுபத்தொன்று.
பிரேரணை குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.
பேனை நின்றது.
திருப்பி அனுப்புதல் என்றால்
எங்கள் ஆட்களுக்கு இன்னும் வயிறு கலங்கும்.
தொண்ணூறுகளில் அது
விமான நிலையத்தில் போய் முடிகிற சொல்.
'தோற்றது' என்று எழுதலாமா?
அவ அப்படி எழுதவில்லையே.

தேத்தண்ணி ஆறிப் பாடை கட்டியது.
ஆலையில் கறை போகாத விரிப்பை
நாங்கள் எறிவதில்லை,
நீலக் கூடைக்குள் போடுவோம்.
இன்னொரு சூடு, இன்னொரு சவர்க்காரம்.
சிலது மூன்றுதரம் போகும்.
சிலது கந்தலாகும், அதுவும் உண்மை.
எழுதினேன்:
'எங்கள் பிரேரணை நீலக் கூடைக்குள் போயிருக்கிறது.'

சாப்பாட்டு இடைவேளையில்
தர்மவதனி அதை உரத்து வாசித்தா.
அந்த வரியில் நிறுத்தி,
'எத்தினையாம் தரம்?' என்று கேட்டா.
முதல்தரம், என்றேன்.
'அப்ப பயமில்லை'
என்று சோற்றுப்பெட்டியை மூடினா.

அப்பிள் ஞாயிறு வந்தது.
அடியில் கிடந்த நாலும் அடிபட்டவை,
வெட்டிச் சாப்பிட்டோம்.
வியாழன் ஏழு மணிக்குப்
போனை எங்கே வைப்பது என்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.