புகையானுக்கு வழி

நாற்பத்தோரு வருடம் கழித்து
ஓகுதானியில் பூச்சிகளை வழியனுப்பப் போகிறோம்.
தீயணைப்பு நிலையப் படிவத்தில்
மூன்றாவது கட்டம்: நோக்கம்.
"வயலில் உள்ள புகையானை
ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடுதல்"
என்று எழுதினாள் இத்ஸுகோ.
அதிகாரி சிரிக்கவில்லை.
எத்தனை தீவட்டி என்று மட்டும் கேட்டான்.
இருபதைப் பன்னிரண்டாக்கினான்.

நான் முப்பது வருடம்
கூட்டுறவுக் கடையில் மருந்து விற்றவன்.
நீலப் பொட்டலம், மஞ்சள் பொட்டலம்,
விடிகாலை ஐந்துக்கு ஹெலிகாப்டர்.
சன்னல்களைச் சாத்துங்கள் என்று
ஒலிபெருக்கியில் சொன்னது என் குரல்தான்.
சடங்கு நின்ற வருடமும்
எனக்கு வேலை கிடைத்த வருடமும் ஒன்று.
யாரும் சொல்லிக்காட்டவில்லை.
முதல் தீவட்டியை என் கையில் கொடுத்தார்கள்,
அது போதாதா.

வைக்கோலில் ஒரு குதிரைவீரன்.
குதிரைக்குக் கால் நிற்கவில்லை;
தக்காளிப் பண்ணைக்கு வியட்நாமிலிருந்து வந்த லுவாங்
மூங்கிலை வகிர்ந்து முட்டுக்கொடுத்தான்.
கோயில் ஏட்டில் இருந்த பாட்டு
பாதி செல்லரித்துவிட்டது,
அந்தப் பூச்சியை அனுப்ப மறந்திருக்கிறார்கள்.
தெரியாத வரிகளுக்கெல்லாம்
மூடிப்போன பள்ளிக்கூடத்து மேளத்தை அடித்தோம்.

இருட்டியதும் வரப்பில் இறங்கினோம்.
எனக்குப் பின்னால் பதினொரு சுடர்.
அதற்கும் பின்னால், சங்கு ஊதாமல்,
தீயணைப்பு வண்டி.

தீயைக் கண்டால் விட்டில் விழும் என்பார்கள்.
விழவில்லை.
கால்மணி, அரைமணி,
என் தீவட்டி வெறும் காற்றை எரித்துக்கொண்டிருந்தது.
வயல் அவ்வளவு சுத்தம்.
நான் விற்ற சரக்கு அவ்வளவு தரம்.

ஆற்றங்கரையில் போ போ என்று கத்த வேண்டும்.
கத்தினார்கள், குழந்தைகள் தொண்டை கட்டும்வரை.
எனக்கு வாய் திறந்தது,
சொல் வரவில்லை;
புகை என்று சொல்லி இருமிச் சமாளித்தேன்.
வீரனை ஆற்றில் விட அனுமதியில்லை.
செவ்வாய்க்கிழமை எரிகுப்பையோடு போவான்.
அதுவரை லுவாங் வீட்டு மோட்டார் கொட்டகையில்
குதிரையோடு சாய்ந்திருப்பான்.

அன்றிரவு
விளக்கை அணைக்காமல்
சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பழைய ஞாபகத்தில் உதடு முணுமுணுத்தது:
ஆயிரம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு.
இரண்டு மணிவாக்கில்
ஒரே ஒரு கொசு வந்தது.
அடிக்கவில்லை என்று சொன்னால்
பொய்.