நேற்றைய கட்டங்கள்

தார்த்துவில் ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஆறு உறைந்து ஒரு வாரம்;
அதன்மேல் யாரோ நாயோடு நடந்த தடம்
நேராக இல்லை.

கிடங்கின் மூலையில் நான்,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு.
திரையில் பெட்டிகள், பெட்டிகளைக் கோக்கும் கம்பிகள்.
கேமரா ஒரு பெட்டி, புரொஜெக்டர் ஒரு பெட்டி,
நடுவில் சும்மா கிடக்கும் ஓர் இடைவெளி.
அங்கேதான் என் நீட்சி உட்கார வேண்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு வரி நிரல்.
படம் ஒன்றுக்குப் பதினாறு மில்லிநொடி;
அதற்குள்
மூன்று லட்சத்து ஏழாயிரத்து இருநூறு கட்டங்களும்
அக்கம்பக்கம் எண்ணி முடித்தாக வேண்டும்.

விதி சின்னது.
எட்டுத் திக்கும் பார்.
காலிக் கட்டமா, மூன்று பேர் உயிரோடா? பிற.
இருப்பவனுக்கு இரண்டோ மூன்றோ துணையா? இரு.
குறைந்தால் தனிமையில் போ,
கூடினால் நெரிசலில் போ.

"வாடகைச் சட்டமா இது?"
விளக்குக் கம்பத்தின் உச்சியிலிருந்து ஹில்லார்.

மாரிகா வந்து நின்றாள்.
கேமரா அவள் உடம்பை வெண்கட்டங்களாய் அள்ளிச்
சுவரில் கொட்டியது.
ஒரே படம்.
உள்ளே இருந்ததெல்லாம் நெரிசலில் மடிய
விளிம்பு மட்டும் மிச்சம்.
"நின்றால் காலியாகிவிடுகிறேன்" என்றாள்.
புகார் மாதிரி இல்லை.

ஆனால் ஆடத் தொடங்கியதும்
எல்லாம் வலது கீழ்மூலைக்குச் சரிந்தது.
மேசைத்துணியை யாரோ இழுப்பதுபோல.
விதிக்கோ திசையே தெரியாது.
எட்டுப் பக்கமும் அதற்கு ஒரே பக்கம்.
மூன்று இரவு தேடினேன்.
விளிம்பைச் சோதித்தேன், கூட்டலைச் சோதித்தேன்,
கேமராவைத் தலைகீழாய்த் தொங்கவிட்டும் பார்த்தேன்.
சரிவு சரிவுதான்.

நான்காம் நாள், காபி ஆறிய பிறகு, பிடிபட்டது.
படிக்கிற பலகையிலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.
மேல்வரிசைக்காரனின் நாளையை
கீழ்வரிசைக்காரன் இன்றென்று வாசித்து
அதன்படி செத்தான், அதன்படி பிறந்தான்.
அடுத்தவன் காதில் அதைப் போட்டான்.

இரண்டு பலகை வேண்டும்.
ஒன்றில் பார், மற்றதில் எழுது,
எல்லோரும் எழுதியபின் மாற்றிக்கொள்.
முன்கூட்டி ஒருவருக்கும் ஒன்றும் தெரியலாகாது;
நேற்றை வைத்தே எல்லோரும் தீர்மானிக்கட்டும்.
ஆறு வரி திருத்தம்.
சுவரில் கட்டங்கள் நாற்புறமும் சமமாய் விரிந்தன.
ஹில்லார் ஏணியில் தட்டினான்.

மாரிகா பாதியில் நிறுத்தினாள்.
"சாய்வு எங்கே?"

அது பிழை என்றேன். திருத்திவிட்டேன் என்றேன்.
மூன்று இரவும் அவள்
இடத்தோளின் எடையை அந்தச் சரிவில் வைத்து
விழப் பழகியிருந்தாள். எனக்குத் தெரியாது.
"இப்போது சரியாக இருக்கிறது" என்றாள்,
கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டே.
"என்மேல்தான் சாயமாட்டேன் என்கிறது."

வீட்டுக்குப் போய்க் கோபமாகத் தூங்கினேன்.
இரண்டு மணிக்கு எழுந்து
நீட்சிக்கு இன்னொரு நுழைவாய் வைத்தேன்.
பூஜ்யம் என்றால் இரண்டு பலகை.
ஒன்று என்றால் வதந்தி.
எங்கள் மொழியில் அதற்கு ஒன்பது எழுத்து,
பெட்டியில் அடங்கவில்லை.
முதல் நான்கை வைத்தேன்;
அப்படி வெட்டினால் தோட்டா என்று பொருள்.
ஹில்லாருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

முதல் காட்சி. அறுபது நாற்காலி, நாற்பத்தேழு பேர்.
மாரிகா நின்றாள், காலியானாள்.
ஹில்லார் குமிழைத் திருப்பினான்.
சுவர் சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள்,
சாய்ந்து சாய்ந்து வலது ஓரம் தாண்டி
கேமராவின் கண்ணுக்கு வெளியே போனாள்.

என் பலகையில் வலது ஓரத்துக்கு அப்பால்
இடது ஓரம்.
அவள் விட்டுப்போன கட்டங்கள் இடப்பக்கம் நுழைந்து
தள்ளாடி, பெருகி, உதிர்ந்து
ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.
முன்வரிசையில் ஒருவர்
அவளைத் தேடி இடப்பக்கம் திரும்பினார்.

அவள் திரைக்குப் பின்னால்
காலுறையின் இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.