மான் தின்ற பக்கம்

செற்றில "சூரை" எண்டு ஒருக்காச் சொன்னாப் போதும்,
விடியமுன்னம் பத்து வள்ளம் பக்கத்தில நிக்கும்.
கடலுக்குக் காது கனக்க.

அதாலதான் டிலக்சன் அந்த வேலை செய்தான்.
தமிழில மூண்டுதரம் சோதினை எடுத்து
மூண்டுதரமும் கோட்டை விட்டவன்,
பத்தாம் ஆண்டு இலக்கணப் புத்தகத்தைப்
பொலித்தீனில சுத்தி
மண்ணெண்ணெய்க் கானுக்குப் பக்கத்தில வைச்சான்.
"இனி இதுதான் பாசை."

சூரை, வினைத்தொகை.
நேற்றும் ஓடினது, இண்டைக்கும் ஓடுது, நாளைக்கும் ஓடும்,
காலம் காட்டாது.
எஞ்சின் இருமி இருமிச் சாகிறது குற்றியலுகரம்.
நேவிக்காரர் நிண்டால் வல்லினம் மிகும்.
மிகாது எண்டால் வலையைப் போடு.
வலை முழுக்க இழுத்தும்
மூண்டே மூண்டு மீன் கிடந்தால் ஆய்தம்,
அதுக்கு மேல ஒண்டும் கேக்கப்படாது.

ஆவணி முழுக்க நல்ல உழைப்பு.
புறாமலைக்கு வெளியால இருட்டுக்குள்ள
"வினைத்தொகை, வினைத்தொகை, மிகாது" எண்டு நான் கத்த
சல்லிக்காரர் ஆரோ பாடம் எடுக்கினம் எண்டு
சனலை மாத்துவினம்.

பிறகு கிண்ணியா மர்சூக்.
அவன்ர மனுசி ரிபாயா படிப்பிக்கிறது தமிழ்.
எங்களுக்கு அது தெரியாது.
ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் போய்ச் சேர
அங்க அவன் வலை போட்டு முடிச்சு
லைற்றை ரெண்டுதரம் சிமிட்டுறான்.

டிலக்சன் புத்தகத்தைக் கடலில எறியப் போனான்.
நான் மறிச்சன்.
புத்தகத்தில இல்லாத இலக்கணம் செய்வம் எண்டன்.

ஐஸ் உடைச்சு உடைச்சுச் செய்தம்.
வலையெச்சம்: விக்காமல் மிஞ்சினது, கறிக்கு.
கடைச்சொல்: ஏலத்தில வியாபாரி இறங்காத விலை.
பம்புத்தொகை: எண்ணெய் அடிச்ச கடன்;
தொகை எண்டு பேர்தான், மறைஞ்சு வராது.
சூரைக்கு நான் வைச்ச பேர்
துள்ளியலுகரம்.

ரிபாயா ரீச்சர் மூண்டு புத்தகம் புரட்டினவவாம்.
அப்பிடியொரு உகரம் ஒரு நூற்பாவிலயும் இல்லை,
காதைக் கழுவிப்போட்டுக் கேளுங்கோ எண்டு
மனுசனோட கோவிச்சுப் படுத்தவவாம்.
ஐஸ் லொறிக்காரன் சொன்ன கதை.
சிரிச்சுச் சிரிச்சு அண்டைக்கு
ரெண்டு கண்ணியைப் பிழையாக் கட்டிப்போட்டன்.

அமாவாசை இருட்டு. செற் கரகரத்தது.
மர்சூக்கின்ர குரல், ஆறுதலா, பாத்து வாசிக்கிற மாதிரி:
"குழூஉக்குறி."
அவ்வளவுதான்.
ஊவுக்குப் பின்னால வந்த அந்த உ
அலையில ஏறி இறங்கி
கொஞ்சநேரம் எங்கட வள்ளத்துக்குள்ள நிண்டது.

டிலக்சன் ரோர்ச் அடிச்சுப் புத்தகம் புரட்டினான்.
பக்கம் எழுபது.
அடுத்தது எழுபத்திமூண்டு.
இடையில பல்லுப் பட்ட விளிம்பு.

பஸ் ஸ்ராண்டில பையைக் கீழ வைச்சுப்போட்டு
பிளேன்ரீ குடிக்கேக்க
புள்ளிமான் ஒண்டு வந்து இழுத்துத் திண்டதாம்.
கலைக்க மனம் வராமல்
பாத்துக்கொண்டு நிண்டானாம் இவன்.
எங்களுக்குப் பேர் இருந்த பக்கம்
மானுக்குச் செமிச்சே ஒரு மாசம்.

விடியக் கரையில
மர்சூக் எங்கட பெட்டியைத் தாண்டிப் போனான்.
திரும்பிப் பாக்காமலே கேட்டான்:
"துள்ளியலுகரம் எவ்வளவு கிடைச்ச?"

"நாப்பது கிலோ" எண்டு
என்ர வாய் சொல்லிப்போட்டுது.

டிலக்சன் என்ர காலை உழக்கினான்.
வல்லினம்.
நல்லா மிகுந்தது.