மிகா இடம்

செவ்வாய் இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை
ஒற்று மிகுமா மிகாதா என்று
முப்பது நாற்பது பேர் சண்டை போடுவோம்,
டொராண்டோவில் ஒருவர், தாம்பரத்தில் மூவர்,
நேரலையில், ஒரே குறிச்சொல்லின் கீழ்.

நான் நீடாமங்கலம்.
ரயில்வே கேட்டுக்குத் தெற்கே
கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில்
மெய்ப்புப் பார்க்கிறவள்.
திருவளர்செல்வி வினைத்தொகை, நடுவில் ச் வராது என்று
பகலெல்லாம் பெண்வீட்டாரிடம் மன்றாடி,
"மூத்தவ பத்திரிகையில இருந்துச்சே, போடுங்க"
என்ற சொல்லுக்குத் தோற்று,
போட்டுவிட்டு வருகிறவளுக்கு
அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும்?

முதல் செவ்வாய்
எழுபத்தோரு பதிவு.
பத்தேகாலுக்குக் கட்டைவிரல் வலித்தது.
அப்படியொரு தூக்கம்.

காலையில் பதினெட்டுப் பேரைக் காணோம்.
கூத்தாநல்லூர் ஹாஜிரா மட்டும்
தனியே எழுதியிருந்தாள்:
"அக்கா, நேத்து ராத்திரி
என் போன் முழுக்க நீங்கதான்.
தங்கச்சி புள்ளைக்குப் பல் முளைச்ச படம்
அடியில எங்கயோ போயிடுச்சு.
ஒரு வாரம் உங்களை மூடி வைக்கிறேன்.
கோவிச்சுக்காதீங்க."

கோபம்தான்.
கோபத்தோடு சைக்கிளை மிதித்துப் போனால்
கேட் சாத்தியிருக்கிறது.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி.
மன்னார்குடி பஸ், பால்கேன்காரர்,
ஸ்கூல் வேனுக்குள் இட்லியை விண்டுகொண்டிருக்கும் ஒரு பையன்,
எஞ்சினை அணைத்துவிட்டுப் பெட்டி எண்ணும்
கூட்டுறவு வங்கிக் காசாளர்.
நாற்பத்திரண்டு என்றார் என்னிடம்.
நெல்மேல் இங்கே யாருக்கு என்ன வருத்தம்?
எல்லார் வீட்டிலும் அதுதான் வேகிறது.
ஆனாலும் கடைசிப் பெட்டி போகும்போது
அதன் முதுகைப் பார்த்து
அவர் சொன்ன வார்த்தையை
நான் எந்தப் பத்திரிகையிலும் அடிக்க மாட்டேன்.

அடுத்த திங்களே அறிவித்தேன்:
நாளை ஒன்பது மணிக்குச் சண்டை,
வேண்டாதவர்கள் ஒரு மணி நேரம் என்னை அமுக்கி வையுங்கள்.
இரண்டு பேர் பூ அனுப்பினார்கள்.

மூணாறுத் தலைப்பில் வெண்ணாறு பிரிகிற மாதிரி
சண்டைக்கென்று தனிக் கணக்கு திறந்தேன்.
நாலு பேர் வந்தார்கள்.
நாலில் ஒருவர் அச்சக முதலாளி.
அன்றிரவே தலைப்பை அடைத்துவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது
வீணான மெய்ப்புத் தாளின் முதுகு.
எழுபதையும் அதில் எழுதுவது, சிவப்பு மையில்.
ஆறை மட்டும் அனுப்புவது.
அதிலும் ஒருவருக்கான பதிலை
அவர் பெயருக்கு அடியிலேயே வைத்துவிட்டு வருவது,
நடுத்தெருவில் நின்று கத்தாமல்.
மறுநாள் பார்த்தால்
தாளில் தங்கிய அறுபத்து நாலில்
பாதி தப்பு.
மீதியில் பாதி
டொராண்டோக்காரரைக் குத்துவதற்காக எழுதியது.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற ராத்திரி
ஒன்பதரைக்கே ஆறும் தீர்ந்துவிட்டது.
அவர் எழுதுகிறார், எழுதுகிறார்,
தப்புத் தப்பாக.
நான் போனைக் கவிழ்த்து வைத்து
அதன்மேல் கையை வைத்து
கையின்மேல் இன்னொரு கையை வைத்து
உட்கார்ந்திருந்தேன்.
உள்ளங்கையில் அது துடித்தது.
நிமிர்த்தினேன். ஹாஜிரா.
குறிச்சொல்லுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.
"பட்டு புடவையா பட்டுப் புடவையா?
கடை போர்டுக்கு. ஃபிளெக்ஸ்காரர் நிக்கிறார்.
அக்கா சீக்கிரம்."

ஏழாவது.
"ஹாஜிரா, ப் மிகும்."

மறுநாள் போர்டு படம் வந்தது.
ப் இருந்தது, பளிச்சென்று, மஞ்சளில்.
பக்கத்திலேயே
ஜவுளி, ஜவுலி ஆகியிருந்தது.

இதய வடிவம் ஒன்று அனுப்பினேன்.
மற்றதைச் செவ்வாய்வரை
தாளின் முதுகில் வைத்திருக்கிறேன்.