சூடான ரொட்டி

ஆகஸ்டில் டுவாலாவில் யாரும்
மழை பெய்கிறதா என்று கேட்பதில்லை.
தெரு இன்னும் இருக்கிறதா என்பார்கள்.
இருந்தது, முழங்காலுக்குக் கீழே எங்கேயோ.

மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு
நானும் க்ளொதீலும்
ஒரே மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டோம்.
குடை ஓட்டுகிறவர் தலைக்கு மேல்,
அதன் விளிம்பு ஒழுகியது எங்கள் மடியில்.
துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கோகோ கிடங்கு.
சீட்டு ஆயிரம் ஃபிராங்க்,
செருப்பைக் கையில் பிடித்து வருகிறவர்களுக்கு எண்ணூறு.
எல்லோரும் கையில்தான் பிடித்திருந்தோம்.

எழுதிவைத்த வசனம் ஏதும் கிடையாது.
மூலையில் ஒரு பையன், மடியில் லாரி ஹாரன்.
அவன் அமுக்கிவிட்டால்
பிரெஞ்சில் தூக்கிய காலை
ஆங்கிலத்தில் ஊன்றவேண்டும்.
என் ஆங்கிலம் பள்ளியோடு நின்ற நான்கு வாக்கியம்.
அதில் மூன்றில் ஜன்னல் வரும்.

ஒரு சொல் கொடுங்கள் என்றார் எக்வாலா.
மின்வாரியம் என்றது ஒரு குரல்.
வேண்டாம், காதில் விழுந்தால் நிறுத்திவிடுவான்.
பேக்கரி! என்று கத்தினாள் க்ளொதீல்.
காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

எக்வாலா அட்டையில் நான்கு எழுத்து எழுதி
கழுத்தில் மாட்டிக்கொண்டார்.
எங்களுக்கு அது ரொட்டி.
பெர்பெச்சுவா வந்து நின்று எழுத்துக்கூட்டினாள்.
ஹாரன்.
அதே நான்கு எழுத்து, ஆங்கிலத்தில் வலி.

"வலியா விற்கிறீர்கள்?"
"காலையில் சுட்டது, அம்மா. இன்னும் சூடு."
"எவ்வளவு?"
"நூற்றைம்பது."
"காசு கொடுத்தா வாங்குகிறீர்கள் இந்த ஊரில்?
எங்கள் மலைப்பக்கம்
ராத்திரியில் கதவைத் தட்டி
வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள்."

கிடங்கே குலுங்கியது.
க்ளொதீல் என் காதில் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்
சிரிப்பு வடிந்துபோனது.
யாரோ இருமினார்கள்.
பையனின் கை ஹாரன்மேல் இருந்தது, அமுக்கவில்லை.
அப்புறம்தான்
கடைசி வரிசை சிரித்தது.
மலையிலிருந்து ஒற்றைப் பையோடு இறங்கி வந்து
நாலு வருஷமாக எங்கள் சந்தையில் தக்காளி விற்கிறவர்கள்.
நாங்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்து
அவர்கள்பாட்டுக்குச் சிரித்தார்கள், நெடுநேரம்,
எங்களைத் திரும்பிப் பார்க்கவிடாமல்.

மேடையில் இல்லை என்று சொல்லக்கூடாது,
அதுவும் ஒரு விதி.
எக்வாலா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"நேற்றைய மிச்சம் இருக்கிறது, அம்மா.
கொஞ்சம் இறுகிவிட்டது.
தண்ணீரில் நனைத்தால் இறங்கும்."

தண்ணீர் என்ற சொல்லுக்கே காத்திருந்ததுபோல்
தகரக் கூரைமேல் கொட்டியது மழை.
பிரெஞ்சும் போச்சு, ஆங்கிலமும் போச்சு.
வாய்கள் மட்டும் கொஞ்சநேரம் அசைந்தன.
ஹாரன் அடித்ததா தெரியாது.

பெர்பெச்சுவா இல்லாத ரொட்டியை வாங்கினாள்.
விரலால் தட்டிப் பார்த்தாள்.
முட்டியில் வைத்து இரண்டாக உடைத்து
ஒரு பாதியை முன்வரிசைக்கு நீட்டினாள்.
சுங்கச் சீருடையில் இருந்த பருத்த மனிதர்
இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்,
பிட்டு வாயில் போட்டு மென்றார்.
மீதியைப் பின்னால் கொடுத்தார்.
வரிசை வரிசையாக வந்தது அது,
தக்காளிக்காரர்கள் வரை போகவேண்டும் என்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
க்ளொதீல்தான்
தன் பங்கைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிட்டுக்கொண்டாள்.
நான் பார்த்தேன்.

முடிந்து வெளியே வந்தால் வண்டி எதுவும் இல்லை.
ஒரே தார்ப்பாயின் கீழே நாங்கள் இருவர்,
பக்கத்தில் பெர்பெச்சுவா,
நாடக உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி அணைத்தபடி.
ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.
நன்றாக இருந்தது என்பதற்கு
என் நான்கு வாக்கியத்தில் இடமில்லை.
"தயவுசெய்து ஜன்னலைத் திறக்க முடியுமா?"
என்றேன், ஆங்கிலத்தில்.

என்னைப் பார்த்தாள்.
சுவரே இல்லாத மழையைப் பார்த்தாள்.
பையைக் க்ளொதீலிடம் கொடுத்துவிட்டு
இரண்டு கையாலும் கொக்கியை நெம்பி,
துருப்பிடித்திருந்தது போல, தோளால் ஒரு இடி இடித்து
திறந்தாள்.

"போதுமா?" என்றாள், பிரெஞ்சில்.

"மூடு, மூடு," என்றாள் க்ளொதீல்,
"சாரல் அடிக்கிறது."